ஆவுடையார்கோவிலுக்கு மேலே நின்றவர்

குழிபிறை தேனப்பச் செட்டியாருக்கு ஒரு பழக்கம். யாராவது உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். திருமயத்தில் பஸ் ஏறினால் பாதி வண்டி காலியாகக் கிடக்கும். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "உக்காருங்க செட்டியாரே, யாருக்கு எடம் புடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கண்டக்டர் கேட்ட பிறகுதான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஓரமாக உட்காருவார். சொந்த வீட்டில்கூட மனைவி மீனாள் இலை போட்டு, தண்ணீர் வைத்து, வாயைத் திறந்து சொல்லும்வரை தூணோரம் நிற்கிற மனிதர். கல்யாணமான புதிதில் மீனாளுக்கு இது மரியாதையாகத் தெரிந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது.

இது பிறவியில் வந்த குணமல்ல, கொழும்பில் வந்தது. பதினைந்து வயதில் கப்பலேறிப் போனவர், செட்டியார் தெருவில் ஒரே கடையில் இருபத்தேழு வருஷம் இருந்தார். அதில் பெரும்பகுதி அடுத்தாளாக. அடுத்தாள் என்றால் கடை நடத்துகிற மேலாளுக்கு அடுத்தவர்; எல்லா வேலையும் தெரிந்தவர், எதிலும் முடிவு சொல்லக்கூடாதவர். முதலாளி நிற்கும்போது உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே நாளைக்கு வேலை இருக்காது. முதலாளி உட்கார்ந்த பிறகும் அவர் வாயால் சொன்னால்தான் மற்றவர்கள் உட்காரலாம். ஒரு மனிதனை இருபத்தேழு வருஷம் இப்படி வைத்திருந்தால் அதற்குப் பெயர் பழக்கமா? எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிடும். அந்த எலும்புதான் 1955ஆம் வருஷம் வைகாசி மாதம், ஆகாயத்தில் வைத்து ஒடிந்தது.

அந்த வருஷம் அவருடைய ஒரே மகள் சாலாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து கைநழுவிப் போயிருந்தது. முதல் இடத்தில் ஜாதகம் என்றார்கள், இரண்டாவது இடத்தில் காரணமே சொல்லவில்லை. பெண்ணுக்கு இருபத்தோரு வயதாகிவிட்டது. மூன்றாவது இடமும் போய்விட்டால் நான்காவது இடம் வராது என்பது மீனாளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். இந்த நேரத்தில்தான் ராயவரம் வயிரவன் செட்டியார் தானாகவே பெண் கேட்டார். கொழும்பில் சொந்தக் கடை, ராயவரத்தில் பெரிய வீடு, பி.ஏ. படித்த மகன். பெரிய மனிதர், பெரிய குரல். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தன்னைத் தவிர இன்னொருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அடிக்கடி மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு ஊர் திரும்ப வேண்டும். தேனப்பன் வழக்கம்போல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து வருவதாக இருந்தார்.

"அதெல்லாம் எதுக்கு சம்மந்தி?" என்றார் வயிரவன் செட்டியார். "ப்ளேன்ல வாங்க, சேந்து போவோம். மத்தியானச் சாப்பாடு இங்கிட்டு, சாயந்தரக் காபி திருச்சியில."

பெண் வீட்டுக்காரர் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சரி என்றார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு இதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. தேனப்பன் பயப்படவில்லை. தரை விட்டு எழும்பி, தென்னந்தோப்புகள் கீரைப்பாத்தியாகச் சுருங்கி, கடல் விரிந்ததும் அவருக்கு வந்தது சந்தோஷம். நாற்பத்திரண்டு வயதில் யாருக்கும் தெரியாமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்.

அது சின்ன விமானம். இடது பக்கம் இரண்டிரண்டு இருக்கை, வலது பக்கம் ஒற்றை இருக்கை, நடுவில் ஒரு ஆள் போகிற வழி. தேனப்பன் வலது பக்கம். வழிக்கு அந்தப் பக்கம் வயிரவன் செட்டியார். காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் கொடுத்துக்கொண்டு வந்த பணிப்பெண்ணின் தமிழ் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்க, தேனப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"ஆவூருங்க. அடைக்கலமேரின்னு பேரு. கீரனூர்லேர்ந்து பஸ்ல போவணும்."

"அட, நம்ம பக்கம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அவருடைய பெல்ட்டைத் தானே மாட்டி இறுக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

கடலைத் தாண்டுகிற சமயம் முன்னால் மேகம் கருத்து நின்றது. கோடை மழை. பெல்ட் போடச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடைக்கலமேரி ஒவ்வொரு இருக்கையாக வந்து, "மேகத்துக்குள்ள போவப்போறோம், குலுங்கும், யாரும் எந்திரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். தேனப்பன் ஏற்கெனவே கட்டியிருந்தார். வயிரவன் செட்டியார் கட்டவில்லை.

"கரை தெரியுதா சம்மந்தி?" என்று கேட்டபடி அவர் எழுந்து வந்து, தேனப்பனின் இருக்கைப் பக்கம் குனிந்து நின்றார். "மணமேல்குடிதானே அது? அப்ப ஆவுடையார்கோவில் கோபுரம் தெரியணுமே."

சம்பந்தி நிற்கிறார், தான் உட்கார்ந்திருக்கிறோம். தேனப்பனின் கை யோசிக்கவில்லை, பெல்ட்டை அவிழ்த்தது. எழுந்து வழிக்கு வந்து, "இங்கிட்டு உக்காந்து பாருங்க, நல்லாத் தெரியும்" என்றார். வயிரவன் செட்டியார் அவருடைய இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியில் முகம் வைத்தார். ஓடிவந்த அடைக்கலமேரி முதலில் அவருக்குப் பெல்ட்டை மாட்டினாள். பிறகு தேனப்பனின் முழங்கையைப் பிடித்து, "ஐயா, அந்தச் சீட்டுல உக்காருங்க, சீக்கிரம்" என்றாள்.

அந்தச் சீட்டில் சம்பந்தியின் துண்டும் வெற்றிலைப் பெட்டியும் இருந்தன.

சம்பந்தியின் வெற்றிலைப் பெட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பெண்ணைப் பெற்றவர் உட்காருவதா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் உட்காரலாம். "உக்காருங்க" என்று ஒரு வார்த்தை. வயிரவன் செட்டியார் கோபுரம் தேடிக்கொண்டிருந்தார். தேனப்பன் அவருடைய பிடரியைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க ஐயா" என்று அந்தப் பெண் இரண்டாவது முறையும் சொன்னாள். அவள் சொல்லி என்ன, சொல்ல வேண்டியவர் சொல்லவில்லையே.

விமானம் விழுந்தது. விழுந்தது என்றால் தரைக்கு அல்ல. கிணற்றில் வாளி கயிறு அறுந்து போவது போல ஒரு பனைமர உயரமோ இரண்டு பனைமர உயரமோ கீழே போய் நின்றது. கட்டியிருந்தவர்கள் அதோடு போனார்கள். கட்டாத இரண்டு பேர் மேலேயே இருந்துவிட்டார்கள். தேனப்பனின் உச்சந்தலை கூரைத் தகட்டில் மோதியது. அடுத்த நொடி விமானம் மேலே எழும்ப, அவர் கழுத்து மடங்கியபடி இருக்கையின் கைப்பிடி மேல் வந்து விழுந்தார். மேலே தட்டிலிருந்து பறந்த ஒரு பிளாஸ்க் முன் இருக்கையில் இருந்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை ஒருவரின் புருவத்தைக் கிழித்தது. அடைக்கலமேரி இவருடைய முழங்கையை விடாமல் பிடித்திருந்ததால் அவள் மணிக்கட்டு ஒடிந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. தேனப்பனின் பெல்ட்டுக்குள் வயிரவன் செட்டியார் பத்திரமாக இருந்தார்.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, கழுத்தெலும்பு நசுங்கியிருக்கிறது, உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். இடுப்பிலிருந்து நெஞ்சு, தோள், கழுத்து, தாடை வரைக்கும், பின்னால் பிடரி வரைக்கும் ஒரே மாவுக்கட்டாகப் போட்டார்கள். மூன்று மாதம் இப்படியே. எழலாம், நடக்கலாம், நிற்கலாம். தலையை மட்டும் எந்தப் பக்கமும் அசைக்க முடியாது.

வைகாசி வெயிலில், குழிபிறை வீட்டு வளவில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், ஒரு கட்டில் போட்டு அவரைக் கிடத்தினார்கள். வாசலிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அவர்தான். அவருக்குத் தெரிவது மேலே உத்திரம், உத்திரத்துக்கு உத்திரம் ஓடுகிற ஒரு பல்லி. கட்டுக்குள் வியர்வை வழிந்து, காய்ந்து, மறுபடி வழிந்தது. எறும்பு உள்ளே போனால் அது தானாக வெளியே வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சாலா விசிறிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவாள். "இங்கிட்டா அப்பச்சி? இன்னும் கீழயா?" என்று கேட்பாள். ஆமாம் என்று தலையாட்டக்கூட முடியாது. கண்ணை மூடித் திறப்பார்.

ஊர் திரண்டு வந்தது. ஆகாயத்தில் அடிபட்ட மனிதரை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏறுன வண்டி விழுகல. வந்த ஆளுக எல்லாம் நடந்து எறங்கிட்டாக. இவரு மட்டும் எப்படி விழுந்தாரு?" என்று வளவில் நின்றே பேசினார்கள். வலிப்பு ஏதும் இருக்குமோ என்று ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது. மீனாள் காதிலும் அது விழுந்தது. பெண்ணின் தகப்பனுக்கு வலிப்பு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், மூன்றாவது இடமும் போய்விடும்.

அந்தப் பேச்சை அடக்கியவர் வயிரவன் செட்டியார்தான். வாரத்துக்கு இரண்டு தடவை ராயவரத்திலிருந்து காரில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கூடியிருக்கிறவர்களுக்குத் தன் பெரிய குரலில் கதை சொன்னார்.

"வலிப்பாவது ஒண்ணாவது. பயம், பயம். வண்டி லேசாக் குலுங்குச்சு. நான் உக்காந்திருக்கேன், இவுக துள்ளி எந்திரிச்சு ஓடப் பாத்தாக. ஆகாயத்துல எங்கிட்டு ஓடுறது? அந்தப் பொண்ணாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பெல்ட்டப் போடுன்னு சொல்லல, ஒண்ணும் சொல்லல. வாயில மிட்டாய்தான் குடுத்தா."

வளவு சிரித்தது. படுத்திருந்தவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை கேட்டபோது தேனப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது, இவர் வேறு ஏதோ விமானத்தில் வந்தவரா என்று. மூன்றாவது தடவை கேட்டபோது கோபம் வந்தது. நெஞ்சு விம்ம இடமில்லாத கட்டுக்குள் அந்தக் கோபம் என்ன செய்யும்? ஐந்தாறு தடவைக்குப் பிறகு, தான் பயந்துதான் ஓடினோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

வயிரவன் செட்டியார் வேண்டுமென்று கெடுதல் செய்தார் என்று சொல்ல முடியாது. தன்னால்தான் ஒரு மனிதர் கழுத்தொடிந்து கிடக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. அதனால் அதை மாற்றிச் சொல்லி, சொல்லிச் சொல்லி நம்பவும் தொடங்கியிருந்தார். ஒரு மாற்றம் மட்டும் கவனித்தவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லோரையும் "உக்காருங்க, உக்காருங்க" என்று தாராளமாக உபசரிப்பவர், தேனப்பன் எழுந்து நிற்கும்போது மட்டும் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை.

ஒரு நாள் ஒரு காகிதத்தோடு வந்தார். "ப்ளேன் கம்பெனிக்கு இங்கிலீஷ்ல எழுதிப்போட்டுட்டேன் சம்மந்தி. பணிப்பெண் எச்சரிக்கல, அவ தப்புனாலதான் அடிபட்டுச்சுன்னு. நஷ்டஈடு குடுத்துத்தான் ஆகணும். விசாரணைக்கு ஆள் வருவாங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாக்கிய நான் பாத்துக்கிறேன்."

உதவிதான். அவர் அப்படித்தான் நினைத்தார். தேனப்பனுக்கு அது நெஞ்சின் மேல் போட்ட இரண்டாவது மாவுக்கட்டாக இருந்தது. இல்லை என்று சொன்னால் சம்பந்தி பொய்க் கடிதம் எழுதியவராகிறார். அப்புறம் கல்யாணம் எப்படி நடக்கும்?

ஆனி மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். திருமயம் பஸ்ஸில் இறங்கி, வெயிலில் விசாரித்துக்கொண்டு அடைக்கலமேரி வந்து சேர்ந்தாள். கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கும் கை, மணிக்கட்டில் மாவுக்கட்டு. மீனாள் மோர் கொடுத்தாள். யார் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

"என்னய வேலையில நிறுத்தி வச்சிருக்காங்க ஐயா. விசாரணை முடிஞ்சாத்தான் முடிவு சொல்வாங்களாம்" என்றாள் அடைக்கலமேரி. "அப்பா இல்ல. தங்கச்சி பள்ளிக்கூடத்துல படிக்குது. நான் ஒங்களக் கொற சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் ஒங்கள்ட்ட உக்காரச் சொன்னேனா, இல்லையா?"

கண்ணை மூடித் திறந்தால் போதும். அந்த வீட்டில் அதற்கு ஆமாம் என்று பொருள். தேனப்பன் மீனாளைப் பார்க்க விரும்பினார். தலை திரும்பவில்லை. பார்க்காமலே, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் கண்ணைத் திறந்தபடியே உத்திரத்தில் வைத்திருந்தார். கண் எரிந்தது. இமைக்கவில்லை.

அந்தப் பெண் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "சரிங்க ஐயா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மீனாள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். "நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. கல்யாணத்துக்கு இன்னும் இருவது நாளுதான் இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்கங்க. நம்ம புள்ள வாழணும்ல." அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. தன்னைப் போலவே மாவுக்கட்டோடு ஒரு பெண் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பாள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு கிடந்தார். வெட்கமாக இருந்தது. போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பிப் படுக்க வேண்டும் போலிருந்தது. திரும்ப வழியில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மெட்ராசிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். வயிரவன் செட்டியாரும் வந்து அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாலா தோளைத் தாங்கிக் கொடுக்க, தேனப்பன் எழுந்து தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கட்டோடு உட்கார முடியாது போலும் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

"விமானம் குலுங்குறதுக்கு முன்னால பணிப்பெண் ஏதாவது சொன்னாங்களா?"

தேனப்பனுக்கு நேர் எதிரே சம்பந்தியின் முகம். வேறெங்கும் பார்க்க முடியாத கழுத்து.

"சொன்னுச்சு" என்றார். தாடைக் கட்டுக்குள் குரல் நசுங்கி வந்தது. "பெல்ட்டப் போடச் சொன்னுச்சு. அதுவே மாட்டியும் விட்டுச்சு. அப்புறம் உக்காரச் சொல்லி ரெண்டு தடவை சொன்னுச்சு. கையப் புடிச்சு இழுத்துச்சு. அதுமேல தப்பில்ல."

சமையல்கட்டுக் கதவோரம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. வயிரவன் செட்டியாரின் முகம் வெளுத்தது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "அப்புறம் ஏன் உக்காரல?"

இதுதான் அந்த இடம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, கழுத்தைக் கொடுத்து வாங்கிய உரிமை. சாலாவின் கை அவர் முதுகுக் கட்டின் மேல் இருந்தது. மாவுக்கட்டுக்கு உணர்ச்சி கிடையாது. ஆனாலும் அந்தக் கை இருந்த இடம் அவருக்குத் தெரிந்தது.

"பயம்" என்றார் தேனப்பன். "பயத்துல எந்திரிச்சுட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு வயிரவன் செட்டியாரைப் பார்த்து, உங்கள் கடிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார். "இஞ்சின் சத்தம். எனக்குக் கேக்கல போல" என்றார் வயிரவன் செட்டியார். அன்றைக்கு அந்தப் பெரிய குரலைக் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. சொன்ன பேச்சைக் கேளாமல் எழுந்தவருக்கு நஷ்டஈடு இல்லை என்று பிறகு கம்பெனி எழுதிவிட்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பெண்ணின் தகப்பனார் மாவுக்கட்டோடு பொம்மைபோல் நின்று எல்லோரையும் வரவேற்றார். அதற்கு மறுவாரம் ஆவூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அவரே படித்தார். "வேலையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் பயத்தில் எழுந்ததாக எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொன்னார்கள். நீங்கள் பயப்படவில்லை ஐயா. அந்தப் பெரியவர் உட்காரச் சொல்வதற்காகத்தான் காத்திருந்தீர்கள். நான் பார்த்தேன்" என்று இருந்தது. பார்த்தவள் ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள். அந்த வரியை எத்தனை முறை படித்தார் என்று தெரியாது. பிறகு அதை மடித்து, வேறு யார் கையிலும் படாதபடி, மாவுக்கட்டுக்குள் நெஞ்சோரம் செருகிக்கொண்டார்.

செருகியதை எடுக்க முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. ஆவணியில் திருச்சிக்குப் போய்க் கட்டை அறுத்தபோது வியர்வையில் ஊறிய காகிதம் கீழே விழுந்தது. கூட வந்திருந்த சாலா எடுத்துப் பிரித்தாள். மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. படித்தாள், மடித்தாள், தகப்பன் கையில் வைத்தாள். அன்று மாலை ராயவரம் புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

கட்டுப் போனது, கழுத்து திரும்பவில்லை. எலும்பு ஒன்றாகக் கூடிவிட்டது, இனி இப்படித்தான் என்றார் டாக்டர். படுக்கையில் கிடந்தபோது கொழும்புக்குத் திரும்பிப்போகும் பெர்மிட்டும் காலாவதியாகியிருந்தது. அரிமளத்தில் ஒரு நெல் மில்லில் மேற்பார்வைக்குச் சேர்ந்தார். வாழ்க்கை முழுக்கக் குனிந்தே நின்ற மனிதர் இப்போது யார் முன்னாலும் தலை நிமிர்ந்தபடி நின்றார். தெரியாதவர்கள் திமிர் என்றார்கள். பஸ்ஸில் மட்டும் பழையபடி நின்றுகொண்டு போனார்.

எட்டு வருஷம் போயிற்று. சாலாவின் மூத்த மகனுக்கு ஏழு வயது. பையனை அலங்கரித்துக் குதிரையில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப் போகிற சடங்கைக் கார்த்திகை மாதம் ராயவரத்து வீட்டில் வைத்திருந்தார்கள். குதிரை வருவதற்காகக் காத்திருந்த நேரம். வளவு நிறைய ஆட்கள், நாற்காலிகள். தேனப்பன் தூணோரம் நின்றார். பேரன் தலைப்பாகையோடு ஓடிவந்து கேட்டான்.

"ஐயா, ப்ளேன்ல பயந்து ஓடுனீங்களாமே. எப்படி ஓடுனீங்க?"

"நான் சொல்றேன் வா" என்றார் வயிரவன் செட்டியார். அந்தக் கதை அந்த வீட்டில் எட்டு வருஷமாக நடமாடிக்கொண்டிருந்தது. "வண்டி லேசாக் குலுங்குச்சு. நான் உக்காந்திருக்கேன். ஒங்கய்யா துள்ளுனாக பாரு ஒரு துள்ளு." பையன் துள்ளிக் காட்டினான். வளவு முழுக்கச் சிரித்தது. முகத்தை மறைக்க எல்லோரும் செய்வதுபோல் குனிய தேனப்பனால் முடியவில்லை. சிரிக்கிற ஒவ்வொரு முகத்தையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாலா காபித் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து தகப்பனுக்குப் பின்னால் போட்டாள். மாமனார் இருக்கும் இடத்தில் எட்டு வருஷமாகக் குரல் எழும்பாதவள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"உக்காருங்க அப்பச்சி."

சிரிப்பு நின்றது. அவள் குரலில் என்ன இருந்தது என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. வயிரவன் செட்டியாருக்குப் புரிந்தது. இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

தேனப்பன் உட்கார நினைத்தார். மகள் சொல்கிறாள், அவள் கொடுத்த நாற்காலி, இதைவிட என்ன வேண்டும்? முழங்கால் மடங்கவில்லை. அவர் பார்வை வயிரவன் செட்டியார் மேலேயே இருந்தது. சாலா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். "அப்பச்சி" என்று இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னாள்.

வயிரவன் செட்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"உக்காருங்க சம்மந்தி."

தேனப்பன் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தது தெரிந்தது. மகள் இரண்டு முறை சொல்லி மடங்காத கால் சம்பந்தி ஒரு முறை சொன்னதும் மடங்கிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. குனிய முடியாத கழுத்தோடு, கண்ணீரை வளவு முழுக்கப் பார்க்க, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பிடித்திருந்த சாலாவின் கை விலகியது. வெளியே குதிரை வந்துவிட்டது என்று குரல் கேட்டது. சாலா ஆறிப்போன காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.